பள்ளியில் பறை கற்பிப்பது எப்படி: ஜூன் தொடங்கி ஆண்டு விழா வரை

அரசு நடுநிலைப் பள்ளியில் 6, 7, 8 வகுப்புப் பிள்ளைகளுக்கு, உள்ளூர்க் கலைஞர் ஒருவருடன் சேர்ந்து பறை கற்பித்து வருகிறேன். இதைத் தங்கள் பள்ளியிலும் தொடங்க நினைக்கும் ஆசிரியர்கள் அவ்வப்போது வகுப்பைப் பார்க்க வருவார்கள். அவர்கள் முதலில் கேட்பது, "பறை எங்க சார் வாங்கலாம்?" என்பதுதான். இந்த வழிகாட்டியில் அந்தக் கேள்வி ஐந்தாவதாக வருகிறது. முதல் ஆண்டில் நானும் பறையைத்தான் முதலில் வாங்கினேன். அந்த ஆண்டு வகுப்பு தீபாவளியைத் தாண்டவில்லை. அதன்பின் ஒவ்வொன்றாக மாற்றி அமைத்த வரிசை இது.

கைவசம் இருக்க வேண்டியவை: வாரம் இரண்டு பாடவேளை, ஒரு மரத்தடி, ஊர்க் கலைஞர் ஒருவர், எட்டுப் பறை. எட்டு இல்லாவிட்டால் நான்கு இருந்தாலும் தொடங்கலாம்.

1. கலைஞரின் வீட்டுக்கு நீங்களே போங்கள்

நகரத்துப் பயிற்சியாளரைத் தேட வேண்டாம். உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருப்பவரே வேண்டும். திருவிழாவில் பிள்ளைகள் கேட்டு வளர்ந்த அடி, அதாவது தாளக்கட்டு, அவருடையது. பறை பழுதானால் சரிசெய்யத் தெரிந்தவரும் அவர்தான். ஆள் யாரென்று தெரியாவிட்டால், நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்திருப்பவர்களிடமோ பிள்ளைகளுக்குக் கலை கற்பிக்கும் அரசு அமைப்பான மாவட்டத்து ஜவகர் சிறுவர் மன்றத்திலோ விசாரியுங்கள்.

மாணவனை அனுப்பி "சார் வரச் சொன்னாங்க" என்று கூப்பிட்டு விடாதீர்கள். தலைமுறை தலைமுறையாக அவரை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். நீங்கள் நேரில் போய் உட்கார்ந்து பேசினால்தான் அவர் ஆசிரியராக வருவார். இல்லையென்றால் அதே பழைய அழைப்புக்குத் தலையாட்டி வருவார், இரண்டு வாரத்தில் நின்றுவிடுவார்.

அங்கே நான்கு விஷயங்களைப் பேசி முடியுங்கள். கற்றுக்கொடுக்க அவருக்கு விருப்பமா? எந்தெந்த அடியைச் சொல்லித்தருவார், எதைத் தரமாட்டார்? எந்த நாட்களில் வர இயலாது? ஒரு வகுப்புக்கு எவ்வளவு?

இரண்டாவது கேள்வி முக்கியம். சப்பரத்தடி, பாடம் அடி, சாமிச்சாட்டு அடி, மருள் அடி, வாழ்த்தடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேளையும் இடமும் உண்டு. சாமி அழைக்கும் மருள் அடி வகுப்பறைக்கு வேண்டாம். அவர் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள்.

பணப் பேச்சை முதல் நாளே பேசி, வகுப்பு முடிந்த அன்றே கையில் கொடுத்துவிடுங்கள். "நம்ம பிள்ளைகளுக்குத்தானே, சேவையா செய்யுங்க" என்று கேட்பதைப் பல பள்ளிகளில் பார்த்திருக்கிறேன். கணக்கு டியூஷன் எடுப்பவரிடம் அப்படிக் கேட்போமா? ஊருக்காகக் கூலியில்லாமல் அடித்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்ட கருவி இது. பள்ளிக்கூடமும் இலவசமாகக் கேட்டால் அவர் பிள்ளைக்கு என்ன பாடம் போய்ச் சேரும்?

ஆடி மாதமும், பங்குனியிலிருந்து வைகாசி வரையும் அவருக்கு வேலை மிகுந்த காலம். சாவு விழுந்தால் சொல்லாமல் கிளம்ப வேண்டியிருக்கும். அதற்கேற்ற ஏற்பாட்டை மூன்றாம் பகுதியில் சொல்கிறேன்.

2. சாதியைப் பற்றி முன்கூட்டியே பேசுங்கள்

இதைத் தள்ளிப்போட்ட பள்ளிகளில் வகுப்பு நின்றதையே பார்த்திருக்கிறேன். எதிர்ப்பு எப்படியும் வரும். பறை வந்து இறங்கிய பிறகு எதிர்ப்பு வந்தால், அதற்குப் பிள்ளைகள் முன்னால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

முதலில் தலைமை ஆசிரியர், அடுத்து சக ஆசிரியர்கள், பிறகு பள்ளி மேலாண்மைக் குழு. குழுவில் பேசியதைத் தீர்மானமாகக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். தலைமை ஆசிரியர் மாறுதலில் போனாலும் வகுப்பு நிற்காது.

பெற்றோர் சொல்வது பெரும்பாலும் மூன்று. ஒன்று, "சாவு மேளத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வர்றீங்களா?" இதற்கு மேடைப்பேச்சு உதவாது. ஒரு நாள் கலைஞரை அழைத்து, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாழ்த்தடி அடிக்கச் சொல்லுங்கள், பெற்றோரையும் வரச் சொல்லுங்கள். சாவு வீட்டில் மட்டுமே பறையைக் கேட்டவர்கள் வேறோர் அடியை அங்கே காதால் கேட்பார்கள்.

இரண்டு, "மாட்டுத்தோலாச்சே." தோல் இல்லாத ஃபைபர் பறை இருப்பதைச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை அதில் அடிக்கட்டும். ஆனால் ஒருவருக்காக வகுப்பிலிருந்து தோல்பறையையே எடுத்துவிடாதீர்கள்.

மூன்று, "பொம்பளப் பிள்ளைங்க எப்படி அடிக்கும்?" திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் பறை அடிப்பவர்கள் இளம்பெண்கள்தான். அவர்கள் ஆடும் காணொளியைக் கைபேசியில் காட்டுங்கள். எங்கள் பள்ளியில் முதல் வரிசை எப்போதும் பெண் பிள்ளைகளுக்கு. கலந்து நிறுத்தினால் குச்சி தானாகவே பையன்கள் கைக்குப் போய்விடுகிறது.

இவற்றைவிட ஆபத்தானது ஆசிரியரின் நல்லெண்ணத்தில் இருக்கிறது. முதல் ஆண்டில் ஒரு பையனிடம், "உங்க தாத்தா நல்லா அடிப்பாரே, நீ முன்னாடி வா" என்றேன். பெருமைப்படுத்துவதாக நினைத்துத்தான் சொன்னேன். அவன் இரண்டு வாரம் பள்ளிக்கு வரவில்லை. பறையை விட்டால்தான் பிள்ளைக்கு மரியாதை கிடைக்கும் என்று அவன் அப்பா முடிவெடுத்து, அதைக் கைவிட்டவர். வகுப்பறையில் அத்தனை பேர் முன்னால் அந்த மரியாதையை நான் உடைத்திருந்தேன். வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

அதனால் மூன்று விதிகள். எந்தப் பிள்ளையின் குடும்பத்தையும் பறையோடு சேர்த்துப் பேசக்கூடாது. யார் முதலில் பறை எடுப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்ய வேண்டும். சேரமாட்டேன் என்கிற பிள்ளையிடம் காரணம் கேட்கக்கூடாது.

கலைஞருக்கு ஆசிரியர் அறையில் நாற்காலி போட்டு, எல்லோருக்கும் தரும் அதே டம்ளரில் தேநீர் கொடுங்கள். பிள்ளைகள் அவரை "ஐயா" என்றோ "சார்" என்றோ அழைக்கட்டும். பிள்ளைகள் இதையெல்லாம் கவனிப்பார்கள்.

3. ஆறு வாரம் முன்னால் நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள்

கோடை விடுமுறையிலேயே தொடங்குங்கள். நீங்கள் வித்வான் ஆக வேண்டியதில்லை. மூன்று அடிப்படை அடியும், இரண்டு தாள நடையைத் தவறாமல் ஒரு நிமிடம் பிடித்து நிற்பதும் வந்தால் போதும்.

கலைஞர் வர முடியாத நாளில் வகுப்பை நடத்த ஆள் வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது. பல கலைஞர்கள் பார்த்துப் பார்த்தே கற்றவர்கள். "இப்படி அடி" என்று முழு வேகத்தில் அடித்துக் காட்டுவார்கள். அதைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பிள்ளைகளுக்கு ஊட்டுவது உங்கள் வேலை. நீங்களே தடுமாறிக் கற்றிருந்தால்தான் எங்கே பிரிப்பது என்று தெரியும்.

அடியை வாயால் சொல்லும் ஒலிச்சொற்கள்தான் சொற்கட்டு. அவர் வாயில் வரும் சொற்கட்டை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் அது வேறு. இணையத்தில் பார்த்த சொற்களை அதோடு கலந்தால் பிள்ளைகள் இரண்டையும் விட்டுவிடுவார்கள். தஞ்சைப் பக்கம் கருவியின் பெயரையே "தப்பு" என்று சொல்வார்கள். அவர் எப்படிச் சொல்கிறாரோ வகுப்பிலும் அதுவே பெயர். கைபேசியில் பதிவதானால் அவரிடம் கேட்டுவிட்டுப் பதியுங்கள்.

4. இடமும் நேரமும்

வகுப்பறைக்குள் பறை வேண்டாம். சிமென்ட் சுவர் நான்கும் ஒலியைத் திருப்பி அடிக்கும். பிள்ளைகளுக்குத் தங்கள் அடியே கேட்காது, காதும் கெடும். பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நையோஷ், பெரியவர்களுக்கு 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை என்று வரம்பு வைத்திருக்கிறது. 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். பிள்ளைகளுக்கு அதிலும் குறைவாக வைப்பதே சரி. கைபேசிச் செயலியில் ஒரு முறை அளந்து பாருங்கள், தோராயமாகவாவது தெரியும்.

மரத்தடியில் அரைவட்டமாக, இரண்டு கை நீள இடைவெளியில் நிறுத்துங்கள். பறையின் முகம் இன்னொரு பிள்ளையின் காதைப் பார்க்கக் கூடாது.

நாளின் கடைசிப் பாடவேளையைக் கேட்டு வாங்குங்கள். தேர்வு வாரத்தில் பறை வெளியே வரவேண்டாம். பக்கத்து வகுப்பு ஆசிரியரின் மனம் கசந்துவிட்டால் இந்த வகுப்பு நீடிக்காது.

5. பறை வாங்குதல்

மரச்சட்டம் வேம்பு. மூன்று துண்டுகளை வளைத்து இரும்புத் தகட்டால் இணைத்திருப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் மாட்டுத்தோலை இழுத்துப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டியிருக்கும். பெரியவர்கள் அடிக்கும் பறை சுமார் 35 செ.மீ. குறுக்களவு. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது பெரிது, இடக்கை விளிம்பைத் தாண்டி வராது. 30 செ.மீ. அளவில் செய்யச் சொல்லுங்கள்.

கலைஞரைக் கூட்டிப் போய் வாங்குங்கள். தோல் ஒரே பருமனா, தகடு அசைகிறதா, விளிம்பில் பசை விட்டிருக்கிறதா என்று அவர் விரலால் தட்டியே சொல்லிவிடுவார்.

தோலா, ஃபைபரா? எட்டில் மூன்று தோல், ஐந்து ஃபைபர் என்று வைத்திருக்கிறோம். ஃபைபர் பறைக்குத் தீ வேண்டாம், மழையிலும் அடிக்கலாம், பிள்ளைகள் தாங்களாகவே பழகலாம். ஆனால் அதன் ஒலி கூர்மையானது. குச்சி பட்டதும் தானாகத் துள்ளுவதால் தவறான அடியும் சரியான அடி போலவே கேட்கும். தோலில் அடித்தால்தான் தவறு தெரியும். ஆகவே எல்லாப் பிள்ளையும் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு முறையாவது தோல்பறையில் அடிக்க வேண்டும்.

குச்சி இரண்டு வகை. இடக்கைக்கு நீளமான, தட்டையான மூங்கில் குச்சி, சுமார் 28 செ.மீ. இதைச் சிண்டுக்குச்சி என்பார்கள், சில ஊர்களில் சிம்புக்குச்சி. வலக்கைக்குக் குட்டையான, தடித்த அடிக்குச்சி, சுமார் 18 செ.மீ. சிண்டுக்குச்சி உடைந்துகொண்டே இருக்கும். பறைக்கு நான்கு வீதம் வாங்கி, ஓரங்களை உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். மூங்கில் சிராய் விரலில் ஏறினால் அந்தப் பிள்ளை அன்றைக்கு அடிக்காது.

6. பறை இல்லாத மூன்று வாரம்

பிள்ளைகள் "எப்ப சார் பறை?" என்று அரிப்பார்கள். கொடுத்துவிடாதீர்கள். கருவி கைக்கு வந்ததும் காது மூடிக்கொள்கிறது. வாயால் சொல்லத் தெரிந்ததைத்தான் கையால் அடிக்க முடியும்.

முதல் வாரம் வாயும் கையும். கலைஞர் சொல்லும் சொற்கட்டைப் பிள்ளைகள் திருப்பிச் சொல்லி, கை தட்ட வேண்டும். இரண்டாம் வாரம் கால். வலது கால் முன்னால், பின்னால் என்று எளிய அடவு போதும். முதல் எண்ணிக்கையில் காலும் சொல்லும் ஒன்றாக விழ வேண்டும். பறை ஒரே இடத்தில் நின்று அடிக்கும் கருவி அல்ல. காலைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அடிக்கும்போது நடக்க வராது. நடந்தால் அடி போய்விடும்.

மூன்றாம் வாரம் கரும்பலகையில் கட்டம். எங்கள் குறி இது: அடிக்குச்சிக்கு அ, சிண்டுக்குச்சிக்கு சி, ஓய்வுக்குக் கோடு.

அ – அ –
அ சி அ சி
அ – சி சி
அ சி சி அ சி சி

இவை கைப்பழக்கத்துக்கு மட்டும். கடைசி வரியின் மூன்று மூன்றான நடையில் அதிக நாள் செலவிடுங்கள். பிள்ளைகள் அதை நான்காக மாற்றிவிடுவார்கள், நடுவில் ஓர் ஓய்வு தானாக நுழைந்துவிடும். கோட்டைச் சொல்லாமல் விழுங்குவதும் வழக்கமான தவறு. ஓய்வுக்கு "ம்" என்று சொல்ல வைத்தால் சரியாகும்.

7. குச்சி மட்டும்

பழைய டயரிலோ சாக்கு சுற்றிய பலகையிலோ ஒரு வாரம். சிண்டுக்குச்சியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தளர்வாகப் பிடிக்க வேண்டும். மற்ற விரல்கள் துணைக்குத்தான். இறுக்கிப் பிடித்தால் முன்கை வலிக்கும், வேகமும் வராது. பிடி சரியா என்று பார்க்க, குச்சியை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் நழுவ வேண்டும்.

8. தோளில் மாட்டி, மூன்று அடிகள்

பறையின் தோள்வாரை இடத்தோளில் மாட்டினால் பறை இடக்கைக்கும் விலாவுக்கும் நடுவில் நிற்கும். இடக்கை மேல் விளிம்பைத் தாண்டி வந்து சிண்டுக்குச்சியைப் பிடிக்கும். வலக்கை அடிக்குச்சியோடு கீழ்ப்பக்கமிருந்து நடுவை நோக்கி வரும். வாரின் நீளத்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிசெய்யுங்கள். நீளமாக இருந்தால் பிள்ளை குனிந்து அடிக்கும், பத்து நிமிடத்தில் முதுகு பிடித்துக்கொள்ளும்.

முதல் அடி: அடிக்குச்சியால் நடுவில். பட்டதும் குச்சி தானே எழும்ப வேண்டும். அழுத்தி வைத்தால் ஒலி செத்துவிடும்.

இரண்டாம் அடி: சிண்டுக்குச்சியின் நீளம் முழுவதும் தோலில் படிய வேண்டும். புதியவர் எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். நுனியால் குத்துவார்கள். ஒலி மெலியும், தோலிலும் புள்ளி விழும். மணிக்கட்டை விளிம்புக்கு அருகில் கொண்டுவந்தால் குச்சி தானாகப் படியும். "குத்தாதே, படிய வை" என்று எங்கள் கலைஞர் ஒரு வகுப்பில் இருபது முறை சொல்வார்.

மூன்றாம் அடி: அடிக்குச்சி விழுந்த உடனே சிண்டு. இரண்டும் ஒட்டி வரவேண்டும், ஆனால் ஒன்றாக விழக்கூடாது. முதல் இரண்டும் தனித்தனியாகச் சுத்தமாகும் வரை இதைத் தொடாதீர்கள். கரும்பலகையில் இதற்கு எங்கள் குறி இ, அதாவது இணை. அ – இ – என்பது முதல் பயிற்சி.

இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு எல்லாவற்றையும் மாற்றி மாட்டிவிடுங்கள். வரிசையின் ஓரத்தில் நிறுத்தினால் குச்சி மோதாது.

32 பிள்ளைகள், எட்டுப் பறை, 40 நிமிடம் என்றால் எங்கள் கணக்கு: எட்டெட்டு பேராக நான்கு குழு. ஒன்று பறை, ஒன்று சொற்கட்டு, ஒன்று அடவு, ஒன்று எதிரே நின்று கவனித்துத் தவறு சொல்லும். 8 நிமிடத்துக்கு ஒரு முறை சுற்றி வந்தால் 32 நிமிடம். மீதி 8 எடுத்து வைக்கவும் கூட்டிச் சேர்க்கவும். கவனிக்கும் குழுவில்தான் பிள்ளைகள் வேகமாகக் கற்கிறார்கள். அந்தக் குழுவை நீக்கி நேரத்தை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள்.

9. காய்ச்சுதல்

தோல் ஈரம் குடித்தால் தளர்ந்து "தொப்" என்று கேட்கும். சூடு பட்டால் இறுகிக் கணீரென்று வரும். சருகோ வைக்கோலோ போட்டு, சுடர் தொடாத உயரத்தில் தோலைக் காட்டிப் பறையைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிடத்தில் நிறுத்தினால் தோல் கருகும், விளிம்பில் பசை விடும்.

இதைக் கலைஞரும் ஆசிரியரும் மட்டுமே செய்ய வேண்டும். பிள்ளைகளின் சீருடையில் செயற்கை இழை இருக்கும், தீப்பொறி பட்டால் உருகி ஒட்டும். தரையில் கோடு கிழித்து அதற்குப் பின்னால் நிறுத்துங்கள். வாளி நிறையத் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். நல்ல வெயில் நாளில் தீயே வேண்டாம், சிறிது நேரம் வெயில் காட்டினால் போதும். மறந்து விட்டுவிட்டால் தோல் வெடிக்கும். அதற்கென்று ஒரு பிள்ளையைக் காவல் போடுங்கள்.

காய்ச்சுமுன் ஒரு தட்டு, காய்ச்சியபின் ஒரு தட்டு கேட்க வையுங்கள். இழுவிசை கூடினால் சுருதி ஏறும் என்ற அறிவியல் பாடம் அதிலேயே முடிந்துவிடும்.

10. சேர்ந்து அடித்தல்

எட்டுப் பேரும் ஒரே அடியை அடிப்பதில் தொடங்கி, இரண்டு குழுவாகப் பிரியுங்கள். ஒரு குழு மூன்று மூன்றாக, இன்னொன்று நான்கு நான்காக. பன்னிரண்டாம் கட்டம் முடிந்ததும் இரண்டு குழுவின் முதல் அடியும் ஒன்றாக விழும். மீச்சிறு பொது மடங்கு எங்கள் ஏழாம் வகுப்புக்கு அப்படித்தான் புரிந்தது.

இங்கே வரும் பெரிய சிக்கல் ஓட்டம். உற்சாகத்தில் வேகம் ஏறிக்கொண்டே போகும். கத்தி நிறுத்த முடியாது, கேட்காது. கலைஞர் ஓரத்தில் நின்று அடிக்குச்சியை மட்டும் அடித்து நடையைப் பிடிப்பார். பிள்ளைகள் அவர் காலைப் பார்த்து அதில் வந்து சேர வேண்டும். இன்னொரு வழி: எல்லோரும் நான்கு சுற்று அடித்து, நான்கு சுற்று வாயால் மட்டும் சொல்வது. வாய்க்கு வரும்போது ஓட்டம் அடங்கிவிடும்.

11. மேடை

ஆண்டு விழாவும் கலைத் திருவிழாவும் போதும். விருந்தினரை வரவேற்கப் பிள்ளைகளைப் பறையோடு வாசலில் வெயிலில் நிறுத்தச் சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். பெரியவர் வரும்போது தெருவோரம் நின்று அடிப்பதிலிருந்து வெளியேறத்தான் இந்தக் கருவியை வகுப்புக்குக் கொண்டு வந்தோம். விருந்தினர் உட்காரட்டும், பிள்ளைகள் மேடையேறி அடிக்கட்டும். கலைஞரும் மேடையில் இருக்க வேண்டும், அவர் பெயர் அழைப்பிதழில் ஆசிரியர் என்ற தகுதியோடு அச்சாக வேண்டும்.

ஆறு நிமிடத்துக்கு மேல் திட்டமிட வேண்டாம். ஒரு சிறு தொடக்கம், இரண்டு அடி, அடவு மாற்றம், முடிப்பு. முடிப்பைத்தான் அதிகம் பழக்க வேண்டும். ஒன்றாகத் தொடங்குவது எளிது. ஒன்றாக நிறுத்துவதற்கு ஒவ்வொருவரும் மற்றவரைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

12. மழையிலும் விடுமுறையிலும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல்பறை உள்ளேயே இருக்கட்டும். அப்போது சொற்கட்டும் அடவும் ஃபைபரும். பறையைத் தரையில் அடுக்காதீர்கள், ஈரம் ஏறும். துணிப்பையில் போட்டு, சுவரில் ஒட்டாமல், உயரத்தில் கயிற்றில் தொங்கவிடுங்கள். எலி தோலைக் கடிக்கும். எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம்.

ஜூனில் பள்ளி திறந்ததும் ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். விளிம்பில் தோல் கழன்றிருந்தால் கடைப் பசையால் ஒட்டாமல் கலைஞரிடம் கொடுங்கள். முடிந்தால் பள்ளியிலேயே செய்யச் சொல்லுங்கள், தோலை நனைத்து இழுத்து ஒட்டுவதைப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கட்டும். முழுதாகக் காயும்வரை அதில் குச்சி படக்கூடாது. புதிய ஆறாம் வகுப்பு வாயாலும் காலாலும் படிக்கும் அந்த மூன்று வாரத்தில் அது நிழலில் காய்ந்துவிடும்.